பத்திராஜாவின் யாழ்ப்பாணம்

1977 ஆம் ஆண்டில் ‘பொன்மணி’ திரையிடப்பட்டபோது, இடைவேளையோடு எழுந்து வெளியேறியவர்களுள் நானும் ஒருவன். படமாளிகைக்கு வெளியே நின்று, “இதுவும் ஒரு படமா?” என்று நண்பர்களோடு சேர்ந்து நகைத்தது நினைவிருக்கிறது. அடுக்குமொழி வசனத்துக்கும் சண்டைக்கும் பழகிப்போன கண்களுக்கு, நம்மூர் வேலியும் முற்றமும் திரையில் வந்து நிற்பது வெறுமையாகவே தோன்றிற்று.

அப்படத்தை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜா, 1943 இல் கண்டிப் பகுதியிலே பிறந்த சிங்களவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1971 இளைஞர் கிளர்ச்சியின் காயம் ஆறாத நிலையில், 1974 இல் வெளிவந்த ‘அஹஸ் கவ்வ’ என்னும் தமது முதற் பெரும் படத்திலேயே வேலையற்ற நகரத்து இளைஞரை நாயகராக்கினார். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்கு விரிவுரையாளராக வந்தார். ஆசிரியத் தொழில் அவருக்குச் சோறிட்டது. ஆகவே சினிமாவிடம் அவர் சோறு கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய சுதந்திரத்தின் வேர் இதுவே என்பது என் எண்ணம். ஆசிரியர்களாகிய நாம் அதை எண்ணிப் பெருமை கொள்ளலாம்!

‘பொன்மணி’க்குக் கதைவசனம் எழுதியவர் காவலூர் இராஜதுரை. நடிக்க வந்தோருள் மருத்துவரும் எழுத்தாளருமான நந்தியும் ஒருவர். தொழில்முறை நட்சத்திரங்களைத் தேடாமல், தம்மைச் சூழ இருந்த எழுத்துலகத்தாரையும் வளாகத்தாரையுமே பத்திராஜா கமராவின் முன் நிறுத்தினார். அவர்கள் வீட்டில் பேசும் தமிழையே படத்திலும் பேசினார்கள். நொடித்துப்போன உயர்சாதிக் குடும்பம். சீதனமின்றிக் காத்திருக்கும் மூத்தவள். சாதி கடந்து காதலித்த இளையவள். கதை இவ்வளவே. படம் சில நாள்களே ஓடியது.

அடுத்த ஆண்டில் வந்த ‘பம்பரு எவித்’ என்ற சிங்களப் படத்தில், கடற்கரைக் கிராமமொன்றினுள் நகரத்தார் நுழைந்து அதன் வாழ்வைக் குலைப்பதை அவர் காட்டினார். அயலான் ஓர் ஊருக்குள் நுழைவது எத்தகைய செயல் என்பதை அறிந்த கலைஞர் அவர். அதனாற்றான் போலும், நம் வீட்டுப் படலையைத் திறந்து வந்தவர் உரத்துப் பேசவில்லை. ஒரு மூலையில் நின்று பார்த்தார்.

2018 ஜனவரியில் பத்திராஜா மறைந்தார். அதன் பின்னரே, சிறு கூடமொன்றில் ‘பொன்மணி’யை நான் முழுமையாகப் பார்த்தேன். மூத்தவள் பேச்சற்று இருக்கும் வேளைகளில் என்னால் திரையை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. அன்று இடைவேளையில் எழுந்து சைக்கிளில் வீடு திரும்பியபோது, என் தமக்கை விளக்கை ஏற்றி வைத்துத் திண்ணையில் இருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. “படம் எப்படி, தம்பி?” என்று கேட்டாள்.

“ஒன்றுமில்லையக்கா, சும்மா வீட்டுக் கதை” என்றேன்.