எட்டுப்பிற்றுக் கணினியை உயிர்ப்பித்தல்

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் பிரித்தானிய இல்லங்களிற் புகுந்த சிறு கணினிகள் பல இன்று பரண்களிலும் பெட்டிகளிலும் வாளா கிடக்கின்றன. நாற்பதாண்டு கடந்த அவற்றைத் தேடியெடுத்துச் சோதித்து மீட்டும் இயங்கச் செய்வதிற் பலர் இந்நாளில் ஈடுபட்டுள்ளனர். இதனை வெறும் பொழுதுபோக்கென்பாரும் உளர். ஆயின், பொறியொன்று பிழைபட்டவிடத்து அப்பிழையை எங்ஙனம் கண்டறிவது என்னும் வினாவிற்கு இதனினுந் தெளிவான பாடங் கிடைத்தல் அரிது. இக்காலக் கணினி தன்னுள் நிகழ்வதை மறைத்துக்கொள்ளும். பழையதோ தன் நோயைத் திரையிலேயே எழுதிக் காட்டும். அவற்றுள் ஒன்றாகிய சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் என்பதைக்கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

இக்கணினி 1982ஆம் ஆண்டு ஏப்பிரில் 23ஆந் திகதி வெளியிடப்பட்டது. கேம்பிரிட்ச் நகரிற் கிளைவ் சின்கிளேயர் நடத்திய நிறுவனத்தார் இதனை ஆக்கினர். உட்சுற்றை வகுத்தவர் ரிச்சட் அல்ற்வாசர். அதன் மொழியை எழுதியவர் ஸ்ரீவ் விக்கேஸ். 16 கிலோபைற்று நினைவகமுடையது 125 பவுணுக்கும், 48 கிலோபைற்று உடையது 175 பவுணுக்கும் விற்கப்பட்டன. துவித இலக்கமாகிய 0 அல்லது 1 ஒன்றினைப் பிற்று என்பர். எட்டுப் பிற்று ஒரு பைற்று. ஒரு வேளையில் ஒரு பைற்றையே கையாளும் செயலியைக் கொண்டமையின் இஃது எட்டுப்பிற்றுக் கணினி எனப்பட்டது. செயலி, மாறா நிரல்களைத் தாங்கிய 16 கிலோபைற்று வாசிப்பு நினைவகம், எழுதி அழிக்கத்தக்க நினைவகம், படத்தையும் பிறவற்றையும் ஆளும் யூ.எல்.ஏ. என்னுஞ் சில்லு ஆகிய நான்குமே இதன் உயிருறுப்புகள். யூ.எல்.ஏ. இக்கணினிக்கென்றே பெரான்ரி நிறுவனத்தாற் செய்யப்பட்டது. ஆர்வலர் சிலர் அதற்கு மாற்றுறுப்புச் செய்துள்ளனராயினும், மூலச் சில்லு இனி ஆக்கப்படப் போவதில்லை. ஆதலின் அவசரத்தால் அதனை எரித்துவிடுதல் ஈடுசெய்யலாகாத இழப்பாகும்.

பரணிலிருந்து எடுத்த கணினிக்கு உடனே மின்னூட்டிப் பார்ப்பதே பெரும்பாலார் செய்யும் முதற் செயல். அதுவே பெருந் தீங்கு. முதலிற் சோதிக்க வேண்டியது கணினியை அன்று, அதற்கு மின் வழங்குங் கருவியையாம். ஸ்பெக்ட்ரத்திற்குரியது 9 வோல்ற்று நேரோட்டம். அதன் செருகியில் நடுமுனை மறை, புறவளையம் நேர். இந்நாளிற் கிடைக்கும் கருவிகளிற் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவையாதலின், துளை பொருந்துகின்றதென்று கருதிச் செருகுவது தகாது. பழைய கருவியைச் சுமையின்றி அளந்தால் 9இனும் மிகுதியாகக் காட்டுவது இயல்பே, அதுகண்டு அஞ்சவேண்டுவதில்லை. அதே காலத்து அமெரிக்கக் கணினியாகிய கொமடோர் 64இலோ நிலைமை வேறு. அதன் மின்வழங்கி பிசினால் நிரப்பி மூடப்பெற்றது. உள்ளிருக்கும் நிலைப்படுத்தி முதிர்ந்து பழுதுறுமாயின் 5 வோல்ற்று ஏறிச்சென்று நினைவகச் சில்லுகளை அழித்துவிடும். நன்றாயிருந்த கணினியைச் சோதிக்கப் புகுந்து கொன்றவர் பலர் இவ்வழியாலேயே கொன்றனர்.

ஸ்பெக்ட்ரத்தின் கீழ்ப்பகுதி நினைவகம் எட்டுச் சில்லுகளாலானது. ஒவ்வொன்றும் 16384 பிற்றுகளைத் தாங்கும். ஒரு பைற்றின் எட்டுப் பிற்றும் எட்டுச் சில்லுகளிற் பிரிந்து கிடக்கும். இச்சில்லுகளுக்கு மூவகை வோல்ற்றளவு வேண்டும்: பன்மானியால் அளக்குங்கால் 1ஆம் காலில் மறை 5, 8ஆம் காலில் நேர் 12, 9ஆம் காலில் நேர் 5 வோல்ற்று இருத்தல் வேண்டும். மறை 5 இல்லாது ஏனையவை இருப்பின் சில்லுகள் சூடேறி அழியும். அதனை ஆக்கும் சுற்றிலுள்ள சிறு திரான்சிற்றர் ஒன்று கெடுதல் இக்கணினியின் பெயர்போன நோய். சில்லு பழுதுற்றுத் திரான்சிற்றரைக் கெடுப்பதும், திரான்சிற்றர் கெட்டுச் சில்லை அழிப்பதும் உண்டு. ஆகவே ஒன்றை மாற்றியதும் வெற்றி எனக் கொள்ளாது, மூன்று அளவுகளையும் மீண்டும் பார்த்தல் வேண்டும். முதிர்ந்து உலர்ந்த மின்பகு கொள்ளளவிகளையும் அப்போதே மாற்றிவிடுவது நன்று.

மின்னளவுகள் செம்மையெனின் திரையை நோக்குக. கணினி விழித்த முதல் ஓரிரு வினாடியில் நிகழ்வது ஆராயத்தக்கது. செயலி முதலில் திரையின் ஓரத்தை வெண்ணிறமாக்கும். பின்னர் நினைவகத்தின் உச்சிக் கலத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றிலும் 2 என்னும் எண்ணை எழுதிச் செல்லும். திரையிற் காண்பதும் அந்நினைவகத்தின் ஒரு பகுதியே. 2 என்பது துவித முறையில் 00000010. எட்டுப் புள்ளிகளில் ஒன்று மட்டும் ஒளிரும். நிறத்தைக் குறிக்கும் கலத்திலோ 2 என்பது கருமைமீது சிவப்பு. ஆதலின் கருந்திரையில் மெல்லிய செங்கோடுகள் நெடுகத் தோன்றும். அறியாதார் இதனைப் பழுதென்பர். உண்மையில் அது நலத்தின் அறிகுறி. கடைசிப் பிற்றுக்குரிய சில்லு எப்போதும் 1 எனவே காட்டும் பழுதுடையதாயின், 2 எழுதிய இடமெல்லாம் 3 ஆகும். கோடுகள் தடித்து ஊதாச் சிவப்பாகும். எந்தச் சில்லு நோயுற்றதென்பதை நிறமே உரைக்கின்றது.

எழுதி முடிந்தபின் செயலி கீழிருந்து மேலேறி, ஒவ்வொரு கலத்திலும் இருமுறை ஒன்றைக் கழிக்கும். முதன்முறை எச்சம் சுழியாதல் கூடாது. இரண்டாமுறை சுழியாதல் வேண்டும். தவறிய முதற் கலத்தோடு நினைவகம் முடிந்ததெனக் கொள்ளும். அவ்வெல்லை 23732, 23733 ஆகிய முகவரிகளிற் பதியப்படும். இரண்டாவதை 256ஆற் பெருக்கி முதலாவதோடு கூட்ட, 65535 வரின் 48 கிலோபைற்றும் உளது. 32767 வரின், மேற்பகுதி அடியோடு பயனற்று, 48 உடைய கணினி தன்னை 16 உடையதென்றே நம்பி ஒழுங்காக இயங்குகின்றது. இடைப்பட்ட எண் வருமாயின் அதனை அடுத்த கலமே குற்றவாளி.

ஆனால் இச்சோதனையை முற்றும் நம்பலாமோ? எழுதப்படும் எண்கள் 2, 1, 0 என்பனவே. அவற்றில் ஈற்றிரு பிற்றுகளே மாறுகின்றன. ஏனைய ஆறும் எஞ்ஞான்றும் சுழியே. எனவே அவ்வாறனுள் ஒன்று சில கலங்களில் 0 ஆகவே உறைந்துவிடினும் சோதனை அதனைக் காணாது. எட்டுப் பாடங்களுள் இரண்டில் மட்டும் வினாக் கேட்டு மாணவனைத் தேறியவனாக்குவது போல்வது இது. வரவேற்புச் செய்தி வழக்கம்போலத் தோன்றும். நெடுஞ்செய்நிரல் ஒன்று அக்கலங்களை எட்டும்போதே கணினி நிலைகுலையும். விக்கேஸைக் குறைகூறற்கில்லை. அவர் நாடியது நினைவகத்தின் அளவு; அதன் நலம் அன்று.

நலம் அறிய வேறொரு வழியுண்டு. நோயுற்ற நினைவகத்தை நம்பி ஓடும் நிரல் அந்நினைவகத்தைச் சோதிக்க இயலாது. ஆகவே சோதனை நிரலைத் தனி வாசிப்புச் சில்லொன்றில் எழுதிப் பின்புறத்துப் பொருத்துவாயிற் செருகுவர். உள்ளிருக்கும் வாசிப்பு நினைவகம் அவ்வேளை ஒதுக்கப்படும். இந்நிரல் செயலியின் உட்பதிவகங்களை மட்டுமே கொண்டு இயங்கும். திரும்பிவரும் முகவரியை நினைவகத்தில் வைக்க நேருமாதலின் துணைநிரலைக்கூட அழையாது. முடிவைத் திரை ஓரத்தின் நிறத்தாலும் ஒலியாலும் அறிவிக்கும். அவ்விரண்டிற்கும் நினைவகம் வேண்டியதில்லை. 85, 170 ஆகிய எண்களை மாறிமாறி எழுதிப் படித்தால், 01010101, 10101010 என ஒவ்வொரு பிற்றும் இரு நிலையிலும் வினாவப்படும். அதுவும் போதாது. முகவரிக் கம்பியொன்று அறுந்து இரு முகவரிகள் ஒரு கலத்தையே சுட்டுமாயின், எங்கும் ஒரே எண்ணை எழுதுஞ் சோதனை அதனை உணராது. இடத்திற்கேற்ப வேறுவேறு எண் எழுதிப் பின்னரே படித்தல் வேண்டும்.

பழுதுற்ற சில்லைக் கழற்றுங்கால் பற்றாசை உருக்கி முழுதாக எடுக்க முயல்வோர் அட்டையின் செப்புத் தடங்களைப் பெயர்த்துவிடுவர். கால்களை வெட்டி உடலை நீக்கியபின் ஒவ்வொரு காலாக எடுத்துத் தாங்கி பொருத்துவதே தக்கது. மேற்பகுதி 32 கிலோபைற்றுச் சில்லுகளைப்பற்றி ஒரு வேடிக்கை. அவை பிறக்கும்போதே ஒரு பாதி பழுதான 65536 பிற்றுச் சில்லுகள். நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தி மலிவாக விற்றனர். பாதி உயிரோடு பிறந்த அவை நாற்பதாண்டின் பின்னும் இயங்குவதைப் பல கணினிகளிற் காணலாம்.

விசைப்பலகை இறுதியிலே பார்க்கப்படும். 40 விசைகளின் கீழுள்ள மென்றகட்டின் வால் முதுமையால் நொறுங்கும். அடுத்தடுத்த ஐந்து விசைகள் ஒருங்கே செயலற்றிருப்பின் எட்டுக் கம்பிகளுள் ஒன்றும், எட்டு விசைகள் செயலற்றிருப்பின் ஐந்து கம்பிகளுள் ஒன்றும் அறுந்தன என அறிக. பின்னர் ஒலிநாடாவிலிருந்து செய்நிரலொன்றை ஏற்றிப் பார்க்கலாம். திரையின் ஓரத்தில் முதலிற் சிவப்பும் நீலப்பச்சையுமான பட்டைகள் ஓடும். அவை மெலிந்து நீலமும் மஞ்சளுமாக மாறி, நிரலின் பெயர் திரையில் எழுந்தால், நாடாவின் குரல் கணினிக்குக் கேட்டுவிட்டது.