ஆடியில் குடிபோக வேண்டாம்... ஆனால், மூட்டை கட்டலாம்!

‘ஆனியில் அடியெடுக்காதே, கூனியில் குடிபோகாதே’ என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இன்றும் சொல்வார்கள். கூனி என்பது பங்குனி. இந்த இரண்டோடு ஆடி, புரட்டாசி, மார்கழியையும் சேர்த்து, வருடத்தில் 5 மாதங்கள் வீடு மாறுவதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீடு மாறப் போகிறோம் என்றதும் பாட்டியும் சம்பந்தியும் கேட்கிற முதல் கேள்வி, ‘எந்த மாசம்?’ என்பதுதான்.

மூட்டை கட்ட எப்போது ஆரம்பிப்பது என்பதை யாரும் கேட்பதில்லை. பால் காய்ச்ச நாள் குறிப்பார்கள், வண்டிக்குச் சொல்வார்கள், கடைசி நான்கு நாளில் பரணில் ஏறுவார்கள். ஏறிய பிறகுதான் தெரியும், அங்கே இருப்பது நான்கு நாள் வேலை இல்லை, நான்கு தலைமுறைச் சாமான் என்று.

காலண்டரைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஆனி, ஆடி போனால் ஆவணி. புரட்டாசி போனால் ஐப்பசி. மார்கழிக்குப் பின்னால் தை. பங்குனிக்குப் பின்னால் சித்திரை, வைகாசி. குடிபோக ஆகாத ஒவ்வொரு மாதத்தின் வாலிலும் ஒரு நல்ல மாதம் நிற்கிறது. அதற்காகத்தான் பெரியவர்கள் விலக்கி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், குடிபோகக் கூடாத மாதத்தில் மூட்டை கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முழு மாதம் சும்மா கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லா நல்ல மாதமும் டெல்டாவுக்குச் சரிப்படாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். 2018-ல் கஜா புயல் கரையைக் கடந்த நவம்பர் 16, ஐப்பசியின் கடைசி நாட்களில்தான் வந்தது. திறந்த வண்டியில் மெத்தையும் புத்தகமும் ஏற்றிப் போக உகந்த காலம் அது இல்லை. தையும் மாசியும் சம்பா அறுவடை. கிராமத்தில் சுமை தூக்கும் ஆளும் டிராக்டரும் வயலுக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். சாக்கு கிடைப்பதுகூடக் குதிரைக்கொம்பு. கும்பகோணத்துக்காரர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028 மாசியில். அந்தச் சமயம் ஊருக்குள் லாரி கொண்டுவர நினைக்காமல் இருப்பது நல்லது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கடைசியில் மிஞ்சுவது சித்திரைப் பின்பாதியும் வைகாசியும்தான். தேர்வு முடிந்து டி.சி. வாங்கியிருக்கும், ஜூனில் புதுப் பள்ளி திறக்கும் முன் ஒரு மாதம் மூச்சு விடலாம். விவசாயக் குடும்பத்துக்கும் அது வசதி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு குறுவை வேலை தொடங்கிவிட்டால், வீட்டுச் சாமானைப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆக, வைகாசியில் போகிறவர்கள் பங்குனியில் ஆரம்பிக்க வேண்டும். திருவையாற்றுப் பக்கம் கூடம், ரேழி, கொல்லை என்று இருக்கிற பழைய வீட்டிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஓர் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு 8 வாரம்கூடத் தாராளம் இல்லை. நகரத்துக்குள்ளேயே வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு 3 வாரம் போதும்.

ஏன் 8 வாரம்? கட்டுவதற்கு அல்ல, முடிவெடுப்பதற்கு. ஒரு தவலையைச் சாக்கில் சுற்ற ஐந்து நிமிடம். அந்தத் தவலை யாருக்கு என்று பேசி முடிக்க ஐந்து வாரம்! ஜோடுதவலை, வெண்கலப் பானை, உருளி, கூஜா, அண்டா எல்லாம் பாட்டி சீராகக் கொண்டுவந்தவை. திருச்சியில் இருக்கும் அத்தைக்கும் சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அவற்றில் மனசு இருக்கும். அவர்களைக் கேட்காமல் எடைக்குப் போட்டுவிட்டு, அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் தவிக்கிற குடும்பங்கள் உண்டு. பங்குனி முதல் வாரத்திலேயே பரணை இறக்கி, கூடத்தில் பரப்பி, செல்போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், ‘எனக்கு வேண்டும்’ என்பவர்கள் சித்திரைப் பிறப்புக்குள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நாள் சொல்லாமல் கேட்டால் பதில் வராது.

பத்தாயம் இருக்கிற வீட்டில் அதுதான் முதல் பிரச்னை. தையில் அறுத்த நெல் அதில் பாதியாவது இருக்கும். நெல்லாக இருந்தால் நாள்பட நிற்கும். அரிசியாக்கிவிட்டால் வண்டு பிடிக்கும். இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டுக்கு மட்டும் மில்லில் அரைத்துக்கொண்டு, மீதியைப் பங்காளி வீட்டில் வைக்கலாமா, விற்றுவிடலாமா என்பதைச் சித்திரைக்குள் தீர்மானிக்க வேண்டும். பத்தாயமோ பல வீடுகளில் வாசற்படியைவிடப் பெரியது. பலகை பலகையாகக் கழற்றத் தெரிந்த ஆசாரியைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

பரணில் கள்ளிப்பெட்டிக்குள் ஓலைச்சுவடி கிடந்தால், குப்பையோடு போட்டுவிட வேண்டாம். தஞ்சாவூரிலேயே சரசுவதி மகால் நூலகமும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் இருக்கின்றன, கொண்டுபோய்க் காட்டலாம். நிலப் பத்திரங்களுக்கு ஒரு தனிப் பை. பட்டா, சிட்டாவை இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையம், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல்தான். அந்தப் பை லாரியில் ஏறக் கூடாது, கையில்தான் வர வேண்டும்.

சித்திரையில் இன்னொரு சங்கடம், வடாம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போதுதான் வெயில் வடாத்துக்கும் வெங்காய வடகத்துக்கும் வாகாக இருக்கும். புது வீட்டு மாடியில் மற்ற குடித்தனக்காரர்கள் இடம் தருவார்களோ என்னவோ! சித்திரை முதல் வாரத்திலேயே பழைய வீட்டு மொட்டைமாடியில் பிழிந்து, காய்ந்ததும் டின்னில் அடைத்துவிட்டால் அதுவும் ஒரு மூட்டை முடிந்த மாதிரி. பிள்ளைகளின் அறையை மட்டும் தேர்வு முடியும்வரை தொடக் கூடாது.

தஞ்சாவூர் வீடுகளுக்கே உரிய சில சாமான்கள் தனிக் கவனம் கேட்கும். தஞ்சாவூர் ஓவியம் கண்ணாடி போட்டது. படுக்க வைத்தால் மேலே எதையாவது அடுக்கிவிடுவார்கள். இரண்டு மெத்தைக்கு நடுவில் நிற்க வைக்க வேண்டும், ஈரம் படவே கூடாது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு ஓட்டலில் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது மெழுகு இளகியிருக்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் திருகிக் கழற்றித் தண்டு, தட்டு எனத் தனித்தனியாகச் சுற்றலாம். கொலு பொம்மைகள் போன நவராத்திரியிலேயே கட்டியபடி இருக்கும், பெட்டியைப் பிரித்து ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஆவணியில் குடிபோகிறவர்கள் அந்தப் பெட்டியை அடியில் போட்டுவிடக் கூடாது, அடுத்த மாதமே தேவைப்படும். ஆவணிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவர்கள் மூட்டை கட்டும் மாதத்தில்தான் ஆடித் தள்ளுபடி வருகிறது. ஒரு பக்கம் சாமானைக் கழித்துக்கொண்டே, மறுபக்கம் புதிதாக வாங்கிக் குவிக்கிற வினோதம் நடக்கும்.

காகித வேலைகளை மூன்று வாரத்துக்கு முன் தொடங்கினால் போதும். வேறு ஊர் என்றால் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டுக்கான ரசீது வாங்க வேண்டும். அதனால் கடைசி இரண்டு நாள் சமையலுக்கு ஒரு மின் அடுப்பு கைவசம் இருக்கட்டும். ஸ்மார்ட் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 ஆகியவற்றைப் போன பிறகு செய்யலாம். வாடகை வீடானால், கிளம்பும் அன்று மின் மீட்டரைப் படம் எடுத்துவிட வேண்டும். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், யார் எத்தனை யூனிட் என்ற தகராறு அப்புறம்தான் வரும்.

வைகாசி முகூர்த்த நாட்களில் வண்டி கிடைப்பது கஷ்டம். சீர்வரிசை ஏற்றப் போய்விடும். இதற்குப் பலரும் கடைப்பிடிக்கிற வழி ஒன்று உண்டு. நல்ல நாளில் விளக்கு, அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் இவற்றோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுவது. மற்ற சாமான் அடுத்த வாரம் ஒரு சாதாரண நாளில், அவசரமில்லாமல், குறைந்த வாடகையில் போகும். நல்ல நேரம் பாலுக்குத்தான், பீரோவுக்கு இல்லை.

அறை வரிசையில் சமையலறை கடைசிக்கு முந்தியது. கடைசி, தாத்தா பாட்டி படுக்கிற அறை. நாற்பது ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறங்குவதைப் பார்ப்பது லேசான விஷயம் அல்ல. இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் கதவு என்பதுகூடப் புது வீட்டில் குழம்பும். அவர்களுடைய கட்டில், தலையணை, மருந்துப் பெட்டி, சாமி படம், வெற்றிலைச் செல்லம் எல்லாம் கிளம்பும் அன்று காலைவரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். லாரியில் கடைசியாக ஏற்றினால் முதலில் இறங்கும். மற்ற மூட்டைகளைப் பிரிக்கும் முன், பழைய வீட்டில் எந்தத் திசையில் தலைவைத்துப் படுத்தார்களோ அதே திசையில் அந்தக் கட்டிலைப் போட்டுவிடலாம்.