தாழ்ந்த குரலுக்கு ஓர் இலை

அச்சரப்பாக்கத்தில் மழை பெய்து ஓய்ந்த இரவுகளில், மழை மலை மாதா திருத்தலக் குன்றின் அடிவாரத்துப் புதர்களிலிருந்து எழும் பூச்சிகளின் ஓசையைச் செவிமடுத்திருக்கிறீர்களா? நெடுஞ்சாலையின் இரைச்சல் சற்றே அடங்கும்போது அது தெளிவாகக் கேட்கும். வெறும் கூச்சலென நாம் ஒதுக்கும் அவ்வோசை, ஒவ்வோர் இனமும் தன் துணையை அழைக்கும் பாட்டாகும்.

வெட்டுக்கிளிகளுள் பல, பின்னங்காலை இறக்கையில் தேய்த்து ஒலியெழுப்புகின்றன. அவற்றின் உறவினமாகிய சிள்வண்டோ முன்னிறக்கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசுகின்றது. ஓர் இறக்கையில் அரம் போன்ற பற்கள் உள்ளன. மற்றதன் விளிம்பு அவற்றைச் சுரண்டும். பாடுவது ஆண், பெண் அதைக் கேட்டு நாடி வரும். கேட்கும் செவியோ முன்னங்கால்களில் அமைந்துள்ளது! இனத்துக்கு இனம் தாளம் வேறு. வெப்பம் மிகுந்தால் தாளமும் விரையும். சிள்வண்டின் ஒலியை எண்ணியே வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டால்பியர் 1897-இல் எழுதினார்.

தென்னிந்தியப் புதர் நிலங்களில் 'ஈகாந்தஸ் ஹென்ரியை' என்னும் மரச் சிள்வண்டு வாழ்கின்றது. சிறிய இறக்கை அதிரும்போது முன்புறமும் பின்புறமும் எழும் ஒலியலைகள் விளிம்பைச் சுற்றிக் கலந்து, ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எனவே இப்பூச்சி இலையின் நடுவே துளை கடித்து, அதில் உடலை நுழைத்து, இறக்கைகளை இலையோடு ஒட்ட விரித்துப் பாடுகின்றது. இலை திரையாக நின்று அலைகளைப் பிரிப்பதால் குரல் ஓங்குகின்றது. இதன் சகோதர இனமொன்றில் இவ்வித்தையைத் தென்னாப்பிரிக்காவில் 1975-இலேயே கண்டறிந்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒன்றை உணர்த்தியது: உருவில் சிறியனவும் குரல் தாழ்ந்தனவுமே பெரும்பாலும் இலையை நாடுகின்றன. இலையின் துணையால் அவற்றின் அழைப்பும் பெண்ணைச் சென்றடைகின்றது.

இதைப் படித்தபோது என் தவறொன்று நினைவுக்கு வந்தது. பங்குத் திருவிழா வரியை உயர்த்தும் தீர்மானத்தில், "அனைவரும் ஏற்றுக்கொண்டனர்" என்று என் கையாலேயே எழுதினேன். கூட்டம் கலைந்தபின் கைம்பெண் ஒருவர் கோயில் வாயிலருகே தயங்கி நின்றார். "சாமி, என்னால அவ்வளவு முடியாது. அத்தனை பேர் முன்னால சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றார். மௌனத்தைச் சம்மதமென எழுதியது நான்தானே! மறுவாரமே தீர்மானத்தைத் திருத்தினோம். அன்று முதல் கூட்டங்களில் கடைசி வரிசையினரையே முதலில் பேச அழைக்கிறேன்.

ஓரேபு மலையில் எலியா இறைவனை உணர்ந்தது சுழற்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ அன்று. மெல்லிய ஒலியில் அன்றோ?

அன்பர்களே, சிள்வண்டு தன் இலையைத் தானே தேடிக்கொள்கின்றது. நம் வீட்டு முதியவருக்கும், மருமகளுக்கும், திக்கிப் பேசும் பிள்ளைக்கும் அந்த இலையாக நாமே இருக்க வேண்டும். இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் தொலைக்காட்சியைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். வெளியே பாடுவதையும் கேளுங்கள். உள்ளே பேசாதிருப்பவரையும் கேளுங்கள்.