வேறுபாடு எங்கே பிறந்தது?

ராயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தங்கசாலைத் தெருவில் 1840களின் தொடக்கத்தில் குடியேறி, 1869இல் மூடப்பட்டது சென்னை நாணயச்சாலை. அது அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே, 1807-08இல், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கு வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக்காசு சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. ஒரு பக்கம் விண்மீன்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கிலும் எழுத்துகள். சில காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எழுத்துகளும் விண்மீன்களும் ஒன்றுபோல் இல்லாதது தெரியும்.

காசில் தெரியும் எல்லா வித்தியாசத்தையும் 'வெரைட்டி' என்று விற்பவர்கள் உண்டு. அதை ஏற்கக் கூடாது. வித்தியாசம் எங்கே பிறந்ததோ அதை வைத்தே பெயர் சூட்ட வேண்டும்.

காசு அடிக்க உலோக வில்லை, மேலும் கீழும் இரண்டு அச்சுகள், ஓங்கி விழும் விசை ஆகியவை தேவை. திருவொற்றியூர், எண்ணூர் பட்டறைகளில் 'டை' என்பார்களே, அதே எஃகு அச்சுதான். பழைய நாளில் எழுத்துகளை அச்சில் கையால் ஒவ்வொன்றாக அடித்துப் பதித்தார்கள். அதனால் ஓர் அச்சு மற்றதிலிருந்து மாறுபட்டது. இப்படி அச்சு உருவாகும்போதே அமைந்த மாறுபாடுதான் அச்சு வகை.

உழைத்த அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடான கோடு விழும். அது அச்சின் நிலை. வில்லை நகர்ந்து, உருவம் ஓரமாக விழுந்தால் அது அடிப்புப் பிழை. அரை வராகன்கள் பல, ஸ்பானிய டாலர்கள் மீதே அடிக்கப்பட்டவை. கோபுரத்தின் அடியில் பழைய உருவம் மங்கலாகத் தெரிந்தால் அது மறு அடிப்பு. வித்தியாசம் வில்லையில் இருக்கிறது, அச்சில் இல்லை.

அதிகம் ஏமாற்றுவது இரட்டை எழுத்து. புகழ்பெற்ற 1955 அமெரிக்க இரட்டை எழுத்து சென்ட்டில், அச்சு செய்யும்போதே உருவம் இருமுறை சற்று விலகிப் பதிந்தது. அதனால் இரண்டு எழுத்துகளும் புடைத்துத் தெளிவாக நிற்கின்றன. காசை அடிக்கும் நொடியில் அச்சு ஆடினாலோ எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையாகும். இது அச்சு வகை ஆகாது.

ஆகவே ஒரே காசைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அதே வித்தியாசம் அதே இடத்தில் இன்னொரு காசிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணத்தை அச்சில் தேடுங்கள். பிறகு அது அச்சுடன் பிறந்ததா, தேய்ந்து வந்ததா என்று கேளுங்கள். சரியான பெயரும் நியாயமான விலையும் அதற்குப் பிறகுதான்.