கோடு மறைந்தால் பாசிட்டிவ்

2010 ஏப்ரல் மாதக் கடைசி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் பிரசவத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்பு அவர் சாப்பிட்டது கசகசா தூவிய பேகல், அதாவது வளையம் போன்ற ஒரு ரொட்டி. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயும் சேயும் வீடு திரும்பினார்கள். குழந்தை மூன்று நாள் சிசுவாக இருந்தபோது குழந்தைகள் நலத் துறை ஊழியர்கள் வீடு தேடி வந்து அதை எடுத்துச் சென்றுவிட்டார்கள். தாயின் சிறுநீரில் அபினி வகைப் போதைப்பொருள் இருப்பதாகச் சோதனை முடிவு வந்திருந்தது. ஐந்து நாள் கழித்தே குழந்தை தாயின் கைக்குத் திரும்பியது. அவர் தொடுத்த வழக்கு 2013-ல் 1,43,500 டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

அந்தச் சோதனை இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அந்தத் தாயின் உடலில் மார்ஃபினின் தடயம் உண்மையிலேயே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. போதைப்பொருள் சோதனை முடிவைப் படிக்கும்போது நடக்கும் பெரும்பாலான அநியாயங்களுக்கு இந்தக் கேட்காத கேள்விதான் வேர்.

நம் வீட்டுக் குருமாவில் தேங்காயோடு சேர்த்து அரைத்து விடுகிறோமே, அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை அது. மார்ஃபினும் கோடீனும் இருப்பது காயைக் கீறினால் வடியும் பாலில்; விதையில் அல்ல. அறுவடையின்போது அந்தப் பால் விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. எங்கே விளைந்தது, எப்படி அறுத்தார்கள், எவ்வளவு கழுவினார்கள் என்பதைப் பொறுத்து அந்த அளவு பல மடங்கு கூடவும் குறையவும் செய்யும். இந்தியாவின் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அறுவடையான அபினிச் செடியின் மற்ற பாகங்களைக் கட்டுப்படுத்தினாலும் விதையை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் மளிகைக் கடையில் தாராளமாக வாங்குகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அதை எடுத்துச் செல்லத் தடை உண்டு. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் பாசத்தோடு மசாலா கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சோதனை எப்படி நடக்கிறது? முதலில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைப்பார்கள். அல்லது ஒரு கருவியில் சில சொட்டுகள் விடுவார்கள். கர்ப்பத்தையும் கொரோனாவையும் வீட்டிலேயே சோதித்துப் பழகிய நமக்கு ‘ரெண்டு கோடு வந்தால் பாசிட்டிவ்’ என்பது மனதில் பதிந்துபோயிருக்கிறது. போதைப்பொருள் பட்டையில் கதை தலைகீழ். அதில் கோடு வந்தால் நெகட்டிவ். கோடு மறைந்தால்தான் பாசிட்டிவ். பட்டையில் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கிறது. சிறுநீரில் போதைப்பொருள் இல்லையென்றால் அது போய்க் கோட்டில் ஒட்டி நிறம் காட்டும். போதைப்பொருள் இருந்தால் அதையே பிடித்துக்கொண்டுவிடும். கோட்டுக்கு மிச்சம் இருக்காது. மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான், அது நெகட்டிவ்.

இந்த ஆன்டிபாடி முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதில்லை, சாயலைப் பார்த்துப் பிடிக்கிறது. அதனால் சாயலில் ஒத்துப்போகும் மருந்துகளும் சில வேளை மாட்டிக்கொள்ளும். சளி மாத்திரையில் வரும் சூடோஎபிட்ரின் ஆம்ஃபெட்டமின் போலத் தெரியலாம். காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எழுதித் தரும் லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்றவை சில பட்டைகளில் அபினியாகக் காட்டும். ஆகவேதான் விவரம் தெரிந்த ஆய்வகங்கள் இந்தக் கட்டத்தில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதில்லை. ‘நெகட்டிவ் அல்ல’ என்று நிறுத்திக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் ஒன்பது அல்லது பத்துப் பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேர் தவறாகச் சிக்குவார்கள். அதாவது சுமார் ஐம்பது அப்பாவிகள். பிடிபட்டவர்களில் ஆறில் ஐந்து பேர் குற்றமற்றவர்கள்! அவ்வளவு நல்ல சோதனையிலும் இதுதான் நிலை.

எனவே இரண்டாம் சோதனை கட்டாயம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பிரித்து, மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையை அளந்து சொல்லும். லீவோஃப்ளாக்சசினையும் மார்ஃபினையும் அது குழப்பிக்கொள்ளாது. ஹெராயின் எடுத்தவரிடம் மட்டும் தென்படும் 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற தடயத்தையும் அதனால் தேட முடியும். ஆனால் அது ஒரு நாளுக்குள் மறைந்துவிடும்.

கருவி சொல்வது எண்ணை மட்டும்தான். அந்த எண் பாசிட்டிவா இல்லையா என்று முடிவு செய்வது கட்-ஆஃப். கல்லூரிச் சேர்க்கையில் கால் மதிப்பெண்ணில் இடம் தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனையில் அபினி வகைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று கட்-ஆஃப் கோடு இருந்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கசகசா சாப்பிட்டவர்களும் மருத்துவர் சொல்லி மருந்து எடுத்தவர்களும் தொடர்ந்து சிக்கியதால் 1998 டிசம்பரில் அது 2,000 ஆக உயர்த்தப்பட்டது. பென்சில்வேனியா மருத்துவமனை 2010-லும் அதைவிட மிகக் குறைந்த கோட்டையே வைத்திருந்தது.

விளையாட்டிலும் இதே கதைதான். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ராஸ் ரெபாக்லியாட்டி பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் சிறுநீரில் கஞ்சாத் தடயம் 17.8 நானோகிராம்; அன்றைய கோடு 15. பதக்கம் பறிக்கப்பட்டது. கஞ்சாவைத் தடை செய்யும் விதி முறையாக இல்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னபின் திரும்பக் கிடைத்தது. 2013-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அந்தக் கோட்டை 150-க்கு உயர்த்தியது. அதே 17.8 இன்று நெகட்டிவ்.

கருவி சரியாகச் சொல்லியும் பாவம் செய்யாதவர் தண்டனை பெற்றதுண்டு. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தின் அலைன் பாக்ஸ்டர் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்காக அமெரிக்கக் கடையில் அவர் வாங்கிய இன்ஹேலரில், பிரிட்டனில் அதே பெயரில் விற்கும் இன்ஹேலரில் இல்லாத லீவ்மெத்தாம்ஃபெட்டமின் இருந்தது. அது சோதனையில் தென்பட்டதால் பதக்கம் பறிபோனது. ஊக்கம் பெறும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை நடுவர் மன்றம் ஏற்றது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

சிறுநீர்ச் சோதனை சொல்லாத விஷயங்களும் நிறைய. கோகெய்ன் தடயம் இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். எப்போதாவது கஞ்சா எடுத்தவருக்கு மூன்று நாள் போல. தினமும் எடுத்தவருக்கு விட்ட பிறகும் ஒரு மாதம்வரை. ஆகவே பாசிட்டிவ் வந்த ஓட்டுநர் அந்த நேரத்தில் போதையில் வண்டி ஓட்டினார் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதும் தெரியாது.

நெகட்டிவும் முழு நிம்மதி அல்ல. மார்ஃபினைத் தேடும் சாதாரணப் பட்டையில் டிராமடாலும் ஃபென்டனிலும் சிக்குவதில்லை. தமிழகக் காவல் துறை அடிக்கடி பறிமுதல் செய்யும் டேபென்டடால் மாத்திரையும் அப்படித்தான். பிள்ளைக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்ததைப் பார்த்து ஆறுதல் கொள்ளும் பெற்றோர், எந்தெந்தப் பொருளுக்குச் சோதித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

வேலைக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் கடந்த இரண்டு வாரம் எடுத்த மருந்துகளையும் இருமல் டானிக்கையும் எழுதி, மருந்துச் சீட்டோடு மாதிரி கொடுக்கும்முன்பே கொடுத்துவிடுங்கள். முடிவு பாதகமாக வந்தால் இது முதல் சோதனையா, உறுதிச் சோதனையா, கட்-ஆஃப் எவ்வளவு, மாதிரியின் மீதி பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உறுதிச் சோதனையின் தாள் கைக்கு வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.