தறி நாடாவும் வைரக் கல்லும்

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. மின்விசிறி நின்றால் அவனைக் கூப்பிடுவார்கள்; பால் திரிந்தால் அவனைக் காரணம் கேட்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் என்னை வைரம் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

என் தந்தையார் ஆரணியில் தறி நெய்தவர். பிழைப்பை நாடிச் சித்தூருக்கு வந்தவர். நான் அங்கே வளர்ந்து, திருப்பதியில் பௌதிகம் முதுகலை பயில்கிறேன். அக்காவையும் சித்தூரிலேயே கொடுத்திருக்கிறோம். மாமாவுக்கு மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை. பத்தாண்டுகளுக்கு முன் நிச்சயதார்த்தத்தன்று அவர் அக்காவுக்கு அணிவித்த மோதிரத்தில் எட்டுச் சென்ட் எடையுள்ள ஒரு சிறு வட்ட வைரம் இருந்தது. தம் தாயாரின் இரண்டு வளையல்களை விற்று வாங்கிய கல் அது. "இப்போது முடிந்தது இவ்வளவுதான்; பின்னால் பெரிய கல்லாக மாற்றித் தருகிறேன்" என்று அப்போதே அக்காவிடம் சொன்னாராம். இவ்வாண்டு சீட்டுப் பணம் கைக்கு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றப் புறப்பட்டார்.

ஒரு கல்யாண வீட்டில் அக்கா பார்த்து ஆசைப்பட்ட கல், இரு முனையும் கூராகி நடுவில் அகன்றிருப்பது. நகைக்கடைக்காரர் அதை 'மார்க்கீஸ்' என்பர். படத்தைக் கண்ட என் தந்தையார், "இதென்ன, தறி நாடா மாதிரி இருக்கிறதே!" என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு புத்தகத்தைப் புரட்டியபோது சிரிப்பு அடங்கியது. இவ்வடிவத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'நவெத்' என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் பொருள் நெசவுத் தறியின் நாடா!

வடிவம் வந்த வழி

பிரான்ஸ் நாட்டுப் பதினைந்தாம் லூயி மன்னர், தமக்கு உகந்த பாம்பதூர்ச் சீமாட்டியின் இதழ் வடிவில் ஒரு கல்லை வெட்டச் சொன்னார் என்றும், அவளது 'மார்க்கீஸ்' என்ற பட்டமே கல்லுக்குப் பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அந்த லூயி மன்னருக்கும் நாம் வாழும் ஆந்திர நாட்டுக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்தது என்று கூறப்படும் 410 காரட் கல் ஒன்றை, சென்னைக் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட் 1702-ஆம் ஆண்டை ஒட்டி வாங்கினார். பட்டை தீட்டியபின் அது 140 காரட்டுக்குச் சற்று மேற்பட்டு நின்றது. 1717-இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் அதை வாங்கினார். 1722-இல் பதினைந்தாம் லூயியின் முடியில் ஏறியது. 'ரீஜென்ட்' என்னும் அக்கல் இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலைக்கு உரியது. பிரேசில் நாட்டில் 1720-களில் வைரம் கிடைக்கும்வரை, உலகின் பெரிய வைரங்கள் ஏறத்தாழ எல்லாம் நம் பக்கத்திலிருந்து சென்றவையே. இன்றும் அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூரிலும், கர்நூல் மாவட்டத்து ஜொன்னகிரியிலும் முதல் மழை பெய்தவுடன் மக்கள் வயல்களில் குனிந்து வைரம் தேடுகிறார்கள்.

கடையில் நடந்தது

திருப்பதியில் ஒரு கடைக்குச் சென்றோம். தலைக்குமேல் பத்துப் பதினைந்து சிறு விளக்குகள். கடைப்பையன் ஒரு மார்க்கீஸ் கல்லை எடுத்துக் கறுப்புத் துணியின்மேல் வைத்தான். நெருப்புத் துண்டம்போல் மின்னியது. எடை ஒரு காரட். நீளம் 12 மில்லிமீட்டர், அகலம் 5. விலையோ நாங்கள் அஞ்சியதில் பாதிகூட இல்லை. மாமா முன்பணம் எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டார்.

"மாமா, வாசல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடலாமே" என்றேன்.

கடைக்காரருக்கு மனமில்லை, ஆயினும் தம் ஆளையும் கூட அனுப்பிச் சம்மதித்தார். வாசலில் பார்த்தால் கல்லின் முனைகள் மட்டும் மின்னின. இடுப்பில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. கல்லை எப்படித் திருப்பியும் அது அசையவில்லை.

ஏன் இப்படி? இதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியியலே போதும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. ஆகவே அதன் மாறுநிலைக் கோணம் சுமார் 24 பாகைதான். கண்ணாடிக்கோ 41 பாகை அளவில் உண்டு. மேலிருந்து உள்ளே புகுந்த கதிர், அடிப்பட்டைகளில் அக்கோணத்துக்கு மேற்பட்ட சாய்வில் பட்டால் வெளியேற முடியாது. முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து நம் கண்ணுக்கே திரும்பும். அடிப்பாகம் மிகத் தட்டையானால் கதிர் கீழ்வழியே நழுவிவிடும். மிக ஆழமானால் பக்கவாட்டில் ஓடிவிடும். வைரத்தின் மின்னல் பாதி கல்லுடையது, பாதி அதைத் தீட்டிய கையுடையது என்பது இதனால்தான்.

வட்டக் கல்லில் எல்லாத் திசையிலும் பட்டைகளை ஒரே சாய்வில் வைக்கலாம். நீண்ட கல்லில் அது இயலாது. நீளவாட்டில் ஒரு சாய்வும், குறுக்குவாட்டில் வேறொரு சாய்வும் அமைந்தே தீரும். நடுவிலுள்ள சில பட்டைகள் விளக்கொளியைத் தராமல், குனிந்து பார்ப்பவருடைய தலையின் நிழலையே திருப்பித் தருகின்றன. அதுவே அந்தக் கறுப்புப் பட்டை. மேனாட்டார் அணியும் கழுத்துப்பட்டை முடிச்சைப்போல் இருப்பதால் 'போ டை' என்பர். ஏறத்தாழ எல்லா மார்க்கீஸ் கல்லிலும் இது ஓரளவு உண்டு. கல்லை அசைக்கும்போது நிழல் உடைந்து மின்னினால் குற்றமில்லை. அசையாமல் கிடந்தால் அக்கல்லை விட்டுவிட வேண்டும். கடையின் பல விளக்குகளின்கீழ் இது தெரியாது; பகல் வெளிச்சத்தில் தெரியும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். பதிக்காத கல்லை அச்சடித்த தாளின்மேல் முகம் மேலாக வையுங்கள். கீழே உள்ள எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஒளி அடிவழியே ஒழுகுகிறது என்று பொருள்.

சான்றிதழின் முதல் வரி

உள்ளே திரும்பிவந்து சான்றிதழைக் கேட்டேன். எடை, நிறம் எல்லாம் அழகாக அச்சிட்டிருந்தது. மேலே ஒரு வரி: 'ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டது'. இதைக் கடைப்பையன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமாவின் முகம் வாடியது. "அப்படியானால் போலியா?" என்றார்.

போலி அன்று. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பேரழுத்தமும் பெருவெப்பமும் செலுத்திக் கரியை வைரமாக்கினார்கள். இப்போது மீதேன், ஹைட்ரஜன் வாயுக்களைக் கொண்டு ஒரு விதைக் கல்லின்மேல் படலம் படலமாகவும் வளர்க்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வாராய்ச்சிக்கென ஒரு மையத்தை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. அணு அமைப்பும், கடினமும், ஒளிவிலகலும் ஒன்றே. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே நூறு கோடி ஆண்டுக் கணக்கில் கிடந்த கல்லும், சில வாரங்களில் வளர்ந்த கல்லும் கண்ணுக்கு வேறுபடா.

வேறுபடுவது விலையும் மறுவிலையும். வளர்த்த கல்லின் விலை சில ஆண்டுகளாகச் சரிந்து வந்திருக்கிறது. திரும்ப விற்கப் போனால் கிடைப்பது சொற்பம். அணிந்து மகிழ மட்டும் வேண்டுபவர் அதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் எது வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கியிருந்தால், மாமா தம் மகளின் படிப்புக்கு ஒரு நாள் உதவும் என்று எண்ணி வைத்த பொருள், அந்த நாளில் உதவாது போயிருக்கும்.

கடைகளில் பேனாபோல் வைத்திருக்கும் சோதனைக் கருவியை இதில் நம்பக் கூடாது. அது கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தையே அளக்கிறது. கண்ணாடியும் சிர்கோனியாவும் அதில் தோற்கும். வளர்த்த வைரம் வைரமே ஆதலால் தேறிவிடும். மோய்சனைட் என்னும் வேறு கல்லும் பல கருவிகளை ஏமாற்றும். ஆனால் உருப்பெருக்கியால் சாய்த்துப் பார்த்தால் அதன் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். இயற்கைக் கல்லையும் வளர்த்த கல்லையும் பிரிக்க ஆய்வுக்கூடமே வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும். வளர்த்தவற்றில் அது அனேகமாக இராது. ஆகவே நைட்ரஜன் இல்லாத கல்லைக் கருவி 'மேலும் சோதி' என்று ஒதுக்கும். நம் கோல்கொண்டாக் கற்களின் பெருமையே நைட்ரஜன் இல்லாத தூய்மைதான். கோகினூரை வைத்தாலும் கருவி சந்தேகப்படும்!

எவற்றைப் பார்ப்பது?

முதலாவது, எடை. ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் நூறில் ஒன்று சென்ட். பொன்னின் மாற்றையும் காரட் என்றே சொல்வதால் குழம்பக் கூடாது. அரைக் காரட், ஒரு காரட் ஆகிய படிகளில் விலை திடீரென ஏறும். ஆகவே ஒரு காரட்டை நாடுபவர் 90 சென்ட் கல்லையும் கேட்டுப் பார்க்கலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது.

மார்க்கீஸ் வாங்கினால் கல் மிகப் பெரிதாகத் தெரியும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், முகப் பரப்பு 33 சதுர மில்லிமீட்டர். அதே எடையுள்ள மார்க்கீஸ் சுமார் 10-க்கு 5, பரப்பு 35. கூடுதல் நூற்றுக்கு ஐந்து அளவே. மற்றது நீளத்தைக் கண்டு கண் செய்துகொள்ளும் கற்பனை. விரல் நீண்டு தெரிவதும் அதனால்தான்.

இரண்டாவது, உருவம். நீளம் அகலத்தைப்போல் 1.75 முதல் 2.15 மடங்கு வரை இருப்பதைப் பலரும் விரும்புவர். இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இருபுறப் புடைப்பும் ஒத்திருக்க வேண்டும். முன்சொன்ன கல் 2.4 மடங்கு, மெலிந்து போனது.

மூன்றாவது, நிறம். நிறமின்மைக்கு 'டி' என்று தொடங்கி, மஞ்சள் ஏற ஏற 'இசட்' வரை தரம் இடுவர். மார்க்கீஸ் கல்லின் முனைகளில் மஞ்சள் திரண்டு தெரியுமாதலால், வட்டக் கல்லுக்குக் கொள்வதைவிட ஒரு படி மேலாகக் கொள்வது நலம்.

நான்காவது, தெளிவு. நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இளங்கோவடிகள், காகத்தின் காலடி போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு ஆகிய நான்கும் இல்லாத வைரங்களைக் கூறுகிறார். இன்று பத்து மடங்கு உருப்பெருக்கியில் தேடுவதும் இவற்றையே. மார்க்கீஸில் ஒரு சிறப்பு எச்சரிக்கை: கீற்று முனையில் இருக்கலாகாது. வைரம் கடினமானது, ஆனால் உடையாதது அன்று. நான்கு திசைத் தளங்களில் அது சுலபமாகப் பிளக்கும். கீறலுக்கு அஞ்சாத கல், அடிக்கு அஞ்சும். முனையே முதலில் அடிபடும் இடம்.

ஆகவே மோதிரத்தில் இரு முனைகளையும் 'வி' வடிவப் பிடியால் கவிந்து காக்க வேண்டும். பிடிக்கு 22 காரட் பொன் மெத்தென்றது. 18 காரட் தகும். அதில் '750' என்ற முத்திரையும், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஆறெழுத்து அடையாளமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்ப வாங்கும் விகிதத்தைப் பேச்சில் விடாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பழைய கல்

இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில் ஒரு கல் கிடைத்தது. அரைக் காரட், இயற்கை, 8-க்கு 4 மில்லிமீட்டர். வாசல் வெளிச்சத்தில் அதன் இடுப்பு நிழல் அசைக்க அசைக்க உடைந்து மின்னியது. முதல் கல்லைவிடச் சிறியதுதான். மாமா தயங்கி, "பெரிய கல் என்றல்லவா சொன்னேன்?" என்றார். "எட்டுச் சென்டுக்கு இது பெரியதில்லையா?" என்றாள் அக்கா.

பழைய மோதிரத்தை எடைக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். மாமாவும் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார். அக்கா மோதிரத்தைக் கழற்றினாள்; ஆனால் கையைத் திறக்கவில்லை. "பொன்னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் பெயர்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

அந்த எட்டுச் சென்ட் கல் இப்போது மூக்குத்தியாகி, மாமாவின் தாயார் முகத்தில் மின்னுகிறது. வளையலைக் கொடுத்தவருக்கே கல் திரும்பிப் போயிற்று. அதன் மறுவிலை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

நண்பர்களே, நம்மில் பலருக்கும் இன்னும் சில ஆண்டுகளில் இப்படி ஒரு கடைப்படி ஏறும் நாள் வரும். அன்று கையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, கல்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் துணிவும், சான்றிதழின் முதல் வரியைப் படிக்கும் பொறுமையும் இருக்கட்டும்.