கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: நான் தப்பாச் சொன்னதும், சரியான விவரமும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு பக் ஃபிக்ஸ். பக் என்னோடது.

போன வருஷம் வெளிநாட்டு வேலை பத்தி ஒரு எபிசோட் போட்டோம். அதுல போற போக்குல ஒண்ணு சொன்னேன்: "கொரியாவுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஏதாவது ஒரு டிகிரி போதும், தங்க வீடும் அவங்களே கொடுத்துடுவாங்க." எங்கேயோ படிச்சது. அது எந்த நாட்டுக்காரங்களுக்காக எழுதினதுன்னு நான் பார்க்கவே இல்லை. ஆபீஸ்ல இப்படி ஒரு கோடு எழுதியிருந்தா ரிவ்யூல பிடிச்சிருப்பாங்க. மைக் முன்னாடி நமக்கு ரிவ்யூவர் கிடையாது.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "அண்ணா, நானும் திருவண்ணாமலைதான். நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு ஏஜென்ட்கிட்ட 40,000 ரூபா கட்டினேன். இப்போ அவர் போனை எடுக்க மாட்டேங்கிறார்."

ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்போ அவங்களைப் பார்த்துப் பேசினேன். அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன், அடையாளம் தெரியற விஷயங்களை மாத்திட்டேன். எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல நாலு வருஷமா டீச்சர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டுத் திரும்பிப் போன ஒரு கொரியாக்காரரை காதலிக்கிறாங்க. வீட்டுக்கு இன்னும் தெரியாது.

நான் கேட்டேன்: "கல்யாணம் பண்ணிக்கிட்டே போயிடலாமே?" அவங்க சொன்ன பதிலை அப்படியே சொல்றேன்: "அவரை எனக்கு சென்னையில தெரியும் அண்ணா. அவங்க ஊர்ல அவர் எப்படி இருப்பாருன்னு தெரியாது. என் சம்பளத்துல, என் ரூம்ல ஒரு வருஷம் இருந்து பார்த்துட்டு முடிவு பண்ணணும்."

ரொம்ப நியாயமான ஆசை. அந்த ஒரு வருஷத்தைத் தர்ற விசா யாருக்குக் கிடைக்கும்ங்கிறதுதான் இன்னிக்கு டாபிக்.

முதல் கதவு: இ-2

கொரியாவுல வெளிநாட்டு மொழி ஆசிரியருக்கான விசா பேர் இ-2. டிகிரி வேணும், குற்றப் பின்னணி இல்லைன்னு போலீஸ் சான்றிதழ் வேணும், ரெண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேணும், அங்க போனதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. இது எல்லாமே நம்மால முடியும். அதுக்கு மேல ஒரு நிபந்தனை இருக்கு. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணும்னா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த 7 நாட்டு பாஸ்போர்ட்ல ஒண்ணு இருக்கணும்.

பி.எட். கேட்கல, அனுபவம் கேட்கல. பிசிக்ஸ் டிகிரி முடிச்ச 22 வயசு கனடாக்காரர் போகலாம். நாலு வருஷம் கிராமர் நடத்தின நம்ம டீச்சர் அதே விசாவுக்கு அப்ளை பண்ண முடியாது.

இவ்வளவு ஆசிரியர்கள் அங்க எதுக்குன்னு கேட்டா, பரீட்சைக்காகத்தான். அங்க 'ஹாக்வோன்'னு சொல்ற தனியார் டியூஷன் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும். பசங்க ராத்திரி ரொம்ப நேரம் அங்கேயே இருக்காங்கன்னு, 10 மணிக்கு மேல நடத்தக் கூடாதுன்னு சியோல்ல விதியே போட்டாங்க. நவம்பர்ல நடக்கிற காலேஜ் நுழைவுத் தேர்வுல இங்கிலீஷ் லிசனிங் பகுதி ஓடுறப்போ, சத்தம் கேட்கக் கூடாதுன்னு நாடு முழுக்க விமானம் ஏறவோ இறங்கவோ விடமாட்டாங்க. அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களைக் கொண்டுவர்ற 'எபிக்' திட்டம் 1995-ல ஆரம்பிச்சது. இந்தச் சந்தையில விலைபோறது இங்கிலீஷ் மட்டும் இல்லை, அமெரிக்க உச்சரிப்பும்தான்.

இரண்டாவது கதவு: குறுகலா ஒண்ணு இருக்கு

இந்தியாவும் கொரியாவும் 2009-ல ஒரு பொருளாதார ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில இருக்கு. சுருக்கமா 'சீபா'ன்னு சொல்வாங்க. இந்தியர்கள் கொரியாவுல என்னென்ன தொழில் பார்க்கலாம்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. ஐ.டி. ஆளுங்க, இன்ஜினியர்கள், அப்புறம் பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் துணை ஆசிரியர்.

அதாவது, டிகிரியும் இங்கிலீஷ் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருக்கிற இந்தியர், தொடக்கப் பள்ளியிலயோ உயர்நிலைப் பள்ளியிலயோ துணை ஆசிரியரா போக வழி இருக்கு. ஹாக்வோன்ல வேலை பார்க்க முடியாது. கனடாக்காரர்கிட்ட கேட்காத ஆசிரியர் தகுதியை நம்மகிட்ட கேட்பாங்க.

வழி இருக்கிறது வேற, ஆள் எடுக்கிறது வேற. விசா தரணும்னா முதல்ல ஒரு பள்ளிக்கூடம் கான்ட்ராக்ட் கொடுக்கணும். நம்ம டீச்சர் மூணு ஆள்சேர்ப்பு நிறுவனங்களுக்கு எழுதினாங்க. ரெண்டு பேர் பதிலே போடல. ஒருத்தர் "எந்த நாட்டு பாஸ்போர்ட்?"னு கேட்டதோட சரி.

காதலிக்கிற டீச்சரை ஊர் எப்படிப் பார்த்துச்சு?

அந்த 7 நாட்டுக்காரங்களுக்கு மட்டும் எல்லாம் சுகமா இருந்துச்சான்னா, அதுவும் இல்லை. 2005-ல வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர், கொரியப் பெண்களை மடக்குறது எப்படிங்கிற மாதிரி இணையத்துல கேவலமா எழுதினதும், சியோல்ல ஹோங்டே பகுதியில நடந்த ஒரு பார்ட்டி போட்டோக்களும் வெளியே வந்துச்சு. நாடே கொந்தளிச்சது. எழுதினவங்க மேல வந்த கோபம், போட்டோவுல இருந்த பெண்கள் மேலயும் பாய்ஞ்சது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு எதிரா ஒரு இயக்கமே உருவாச்சு. 2007-ல, ஆசியாவுல குழந்தைகள்கிட்ட பாலியல் குற்றம் செஞ்சதுக்காக இன்டர்போல் தேடின ஒரு கனடாக்காரர், கொரியாவுல ஆசிரியரா இருந்தவர்னு தெரிஞ்சது. அதே வருஷக் கடைசியில இ-2 ஆசிரியர்களுக்கு போலீஸ் சான்றிதழ், போதைப்பொருள் டெஸ்ட், எச்.ஐ.வி. டெஸ்ட் எல்லாம் கட்டாயம் ஆக்கினாங்க.

போலீஸ் சான்றிதழ் நியாயம். எச்.ஐ.வி. டெஸ்ட் எதுக்கு? அதே வேலை செய்யற கொரிய ஆசிரியர்களுக்கு அந்த டெஸ்ட் கிடையாது. உல்சான் நகரத்துல வேலை பார்த்த ஒரு நியூசிலாந்து ஆசிரியை 2009-ல மறுபடி டெஸ்ட் எடுக்க மறுத்தாங்க, வேலை போச்சு. ஐ.நா.வோட இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனாங்க. 2015-ல அந்தக் குழு, இது பாகுபாடுதான்னு சொன்னுச்சு. 2017-ல கொரியா அந்த டெஸ்ட்டைக் கைவிட்டது.

இதை ஏன் சொல்றேன்னா, நாலு பேர் செஞ்ச அசிங்கத்துக்கு, காதலிக்கிறவங்க எல்லாரையும் ஊர் சந்தேகப்பட்டது. நமக்குத் தெரியாத கதையா இது? திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு வெளிநாட்டுக்காரரோட டீ குடிச்சா, அந்தத் தகவல் அவ வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அங்கேயும் 'ஒரே கோத்திரம்' இருந்துச்சு

கொரியக் காதல்னா சீரியல்ல வர்ற மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. நண்பர்கள் ஏற்பாடு செய்யற 'சோகேட்டிங்' சந்திப்பு, 100-வது நாள் கொண்டாட்டம், ஜோடி மோதிரம் எல்லாம் உண்மைதான். ஆனா நிறைய பேர் கல்யாணம் வரைக்கும் அப்பா அம்மாவோடதான் இருப்பாங்க. கல்யாணப் பேச்சு வந்தாத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு வருஷமா வீட்டுல அறிமுகப்படுத்தலைன்னா ஏமாத்துறார்னு அர்த்தம் இல்லை. அது அங்க சாதாரணம்.

இன்னொண்ணு கேளுங்க. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் இருக்கிற ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு அங்க சட்டமே இருந்துச்சு. நம்ம ஊர் 'ஒரே கோத்திரம், அண்ணன் தங்கச்சி முறை' மாதிரியேதான். லட்சக்கணக்கான பேர் இருக்கிற கிம்ஹே கிம் வம்சத்துக்குள்ள ஒருத்தரை காதலிச்சா, பதிவு பண்ண முடியாது. அப்படி மாட்டிக்கிட்டவங்களுக்காக 1978, 1988, 1996 வருஷங்கள்ல மட்டும் தற்காலிகமா கதவைத் திறந்து விட்டாங்க. 1997-ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொன்னுச்சு. 2005-ல சட்டத்தையே மாத்தினாங்க.

அதே கிம்ஹே கிம் வம்சத்தோட ஆதித்தாய்தான், கடல் தாண்டி 'அயுத்தா'வுல இருந்து வந்ததாச் சொல்ற ஹோ ராணி. 13-ம் நூற்றாண்டு நூலான 'சம்குக் யூசா'வுல வர்ற கதை. அயுத்தா அயோத்தியா, தமிழ்நாடான்னு சண்டை ஓடிக்கிட்டே இருக்கு. அப்பா, அம்மா மாதிரி சில சொற்கள் ஒத்துப்போறதை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனா மாமியார்கிட்ட முதல் தடவை பேச ஒரு நல்ல தலைப்பு!

மீதி இருக்கிற கதவுகள்

படிப்பு: டி-2 மாணவர் விசா. பகுதி நேர வேலைக்குத் தனியா அனுமதி வாங்கணும்.

கல்யாணம்: எஃப்-6 விசா. இதுல என்ன வேலை வேணும்னாலும் பார்க்கலாம், டீச்சர் வேலை உட்பட. ஆனா 2014-லிருந்து துணைவரோட வருமானத்தையும், ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒரு மொழி இருக்கான்னும் பார்க்கிறாங்க.

இந்தியாவுல கல்யாணம்: 1954 சிறப்புத் திருமணச் சட்டம். ரெண்டுல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் 30 நாள் அலுவலகத்துல ஒட்டியிருக்கும். இங்க ஒரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது: சென்னையில நோட்டீஸ் கொடுத்தாலும், உங்க நிரந்தர முகவரி வேற மாவட்டம்னா, அந்த மாவட்டத் திருமண அதிகாரிக்கும் ஒரு காப்பி போகும். அங்கேயும் ஒட்டுவாங்க. 'சென்னையில பண்ணிக்கிட்டா ஊருக்குத் தெரியாது'ன்னு கணக்குப் போடாதீங்க. நோட்டீஸைப் பார்த்து வீட்டுக்குத் தெரியறதை விட, நாமளே சொல்றது மேல்.

அவர் இங்க வர்றது: இதுதான் இருக்கிறதுல சுலபம். கொரிய பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தியா 2018 முதல் விசா ஆன் அரைவல் தருது, சென்னை ஏர்போர்ட்டுலயும் உண்டு. நாம அங்க சுற்றிப் பார்க்கப் போறதுக்குக் கூட முன்கூட்டியே விசா வாங்கணும்.

நாங்க பேசிக்கிட்டே கிரிவலப் பாதையில நடந்தோம். ரமணாசிரமம் தாண்டி ரெண்டு வெளிநாட்டுக்காரங்க செருப்பில்லாம எங்களுக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தாங்க. அவங்க பார்த்துட்டுச் சொன்னாங்க: "இவங்களை நம்ம ஊர் எதுவும் கேட்காம ஏத்துக்கிச்சுல்ல அண்ணா?" முழுசா அப்படிச் சொல்ல முடியாது. டூரிஸ்ட் விசாவுல வந்தவர் இங்க வேலை பார்க்க முடியாது. நம்ம நாட்டுக்கும் பட்டியல் இருக்கு. ஆனா அவங்க கேட்டது விசா பத்தி மட்டும் இல்லைன்னு புரிஞ்சதால நான் பேசாம நடந்தேன்.

அந்த 40,000

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்ட், 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும். மத்திய அரசோட 'இ-மைக்ரேட்' தளத்துல பேரைத் தேடிப் பாருங்க. பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. நம்ம டீச்சர் பணம் கட்டின ஆள் பேர் அதுல இல்லை. போலீஸ்ல புகார் கொடுத்திருக்காங்க, சென்னையில இருக்கிற குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதியிருக்கோம். பணம் இன்னும் வரல. என் தப்புக்குப் பாதியை நான் தர்றேன்னு சொன்னேன். "வேணாம் அண்ணா, அதே எபிசோட்ல இதைச் சொல்லுங்க"ன்னாங்க. பழைய எபிசோடோட ஆரம்பத்துல இப்போ ஒரு திருத்தம் சேர்த்தாச்சு.

அவங்க இப்போ ஞாயித்துக்கிழமைகள்ல கொரிய மொழி படிக்கிறாங்க. துணை ஆசிரியர் வேலைக்கு நேரடியா எழுதிக்கிட்டு இருக்காங்க, ஒரு மொழிப் படிப்புக்கும் அப்ளை பண்றாங்க. அவர் தீபத்துக்கு வர்றாராம். அம்மாகிட்ட என்னன்னு சொல்லி அறிமுகப்படுத்துறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. "ஃப்ரெண்டுன்னு சொல்லலாமா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. விசா விதி எதுலயும் இல்லாத கேள்வி. அதுக்கு மட்டும் போற போக்குல ஒரு பதில் சொல்லிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்.

விதிகள் மாறும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி கொரியத் தூதரகத்துல ஒரு தடவை கேட்டுடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யாரும் கிளம்பிடாதீங்க. அடுத்த வாரம் பாப்போம்.